நடுவர் வீட்டு வாசலில்

சனிக்கிழமை இரவு ஒன்பதே கால் மணி. நீதித்துறை நடுவர் குடியிருப்பின் இரும்பு கேட்டுக்கு வெளியே ஓர் அம்மா நின்றிருந்தார். கையில் வயர் கூடை. அதற்குள் ஒரு கைலி, துண்டு, போர்வை, எவர்சில்வர் டிபன் பாக்ஸில் இட்லி. நான் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு ஓடினேன். "வக்கீலம்மா, இப்பத்தான் வண்டில ஏத்திக் கூட்டிட்டுப் போனாங்க. இட்லியக்கூடக் குடுக்க விடல" என்றார்.

இருபத்தைந்து நிமிடம் பிந்திவிட்டேன். பக்கத்து ஊரில் ஒரு கல்யாண வரவேற்பில் இருந்தபோது தகவல் வந்தது. உடனே கிளம்பியும் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டேன். வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. தென் மாவட்டத்தில் ஒரு தாலுகா நீதிமன்றத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் குற்றவியல் வழக்குகள் நடத்துகிறேன். தோற்ற வழக்குகள் எத்தனையோ உண்டு. 2019-இல் அந்த இருபத்தைந்து நிமிடத்தில் தோற்றது மட்டும் இன்னும் ஆறவில்லை. பேச்சுரிமை என்று யாராவது ஆரம்பித்தால், அரசியல் சாசனத்தின் 19-வது பிரிவு எனக்கு முதலில் நினைவுக்கு வருவதில்லை. அந்த கேட்டும் வயர் கூடையும்தான் வருகின்றன.

அந்த அம்மாவின் பையனுக்கு அப்போது 23 வயது. டிகிரி முடித்துவிட்டு, ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தபடியே காவலர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தான். ஊர்க் கண்மாயில் ராத்திரியில் சவுடு மண் அள்ளும் டிப்பர் லாரிகளை மொட்டை மாடியிலிருந்து வீடியோ எடுத்து, ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டான். கூடவே இரண்டு வரி எழுதினான். மண் எங்கே போகிறது, பங்கு யாருக்குப் போகிறது என்று ஒரு கேள்வி. திங்கட்கிழமை எல்லாரும் தாலுகா ஆபீஸ் முன்னால் வாங்க என்று ஓர் அழைப்பு. அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை இரவு பதினோரு மணிக்கு மஃப்டியில் இரண்டு பேர் வந்தார்கள். "தம்பி, ஒரு சின்ன விசாரணை. ஐயா பாக்கணும்னு சொன்னாரு. பத்து நிமிஷத்துல அனுப்பிருவோம்." சட்டையை மாட்டிக்கொண்டு போனான். ஸ்டேஷனில் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ராத்திரி முழுக்க ரைட்டர் மேசைக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். மறுநாள் எழுதிய காகிதத்திலோ, சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குப் பேருந்து நிலையம் அருகே கைது என்று இருந்தது. அந்தப் பேருந்து நிலையம் பக்கமே அவன் அன்று போகவில்லை.

போட்ட பிரிவுகள் இரண்டு. இந்திய தண்டனைச் சட்டம் 153, அதாவது கலவரத்தைத் தூண்டுவது. இன்னொன்று 505(1)(பி), மக்களிடையே பீதியைக் கிளப்பி அரசுக்கோ பொது அமைதிக்கோ எதிரான குற்றத்துக்குத் தூண்டுவது. முதலாவதற்கு ஸ்டேஷனிலேயே ஜாமீன் கொடுத்து அனுப்பிவிடலாம். இரண்டாவது ஜாமீனில் விட முடியாத பிரிவு. எழுதியதற்காகவோ பேசியதற்காகவோ பதிவாகும் வழக்குகளில் இப்படி ஒரு பிரிவு கட்டாயம் ஒட்டிக்கொண்டு வரும். ஆளை உள்ளே அனுப்ப அது ஒன்று போதும். இப்போது பாரதிய நியாய சன்ஹிதா வந்து எண்கள் மாறிவிட்டன. பழைய 153 இப்போது 192, பழைய 505 இப்போது 353. பழக்கம் மாறவில்லை.

பிறகு கிளைச் சிறையில் மனு போட்டுப் பார்த்தபோது அந்த ரிமாண்ட் எப்படி நடந்தது என்று அவன் சொன்னான். வராந்தாவில் ட்யூப்லைட் வெளிச்சம். ஏட்டு வழக்குக் கட்டை நீட்டினார். நடுவர் பேர் கேட்டார், அப்பா பேர் கேட்டார். "போலீஸ் அடிச்சாங்களா?" "இல்லைங்க." "வீட்டுக்குத் தகவல் சொல்லியாச்சா?" "ஆமாங்க." "வக்கீல் வச்சிருக்கீங்களா?" பையன் திரும்பி ஏட்டைப் பார்த்தான். வண்டியில் வரும்போதே அவர் சொல்லியிருந்தார்: "அங்க போய் எதுவும் பேசிட்டிருக்காத தம்பி. கேட்டா இல்லைன்னு சொல்லு. திங்கக்கிழமை பெயில்ல வந்துரலாம்." இல்லைங்க என்றான். கையெழுத்து விழுந்தது. பதினைந்து நாள் நீதிமன்றக் காவல். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது என்றான்.

அவனை யாரும் அடிக்கவில்லை. அதையும் நான் சொல்லியாக வேண்டும். ஏட்டு அவனுக்கு ராத்திரி பரோட்டா வாங்கிக் கொடுத்திருக்கிறார். சட்டத்துக்குப் புறம்பாகத் தெரிகிற எதுவும் அந்த வராந்தாவில் நடக்கவில்லை. இருந்தும் ஒரு பையனைக் கேள்வி கேட்டதற்காகச் சிறைக்கு அனுப்பியாயிற்று.

ரிமாண்ட் என்பது என்ன என்று கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். போலீஸ் ஒருவரைக் கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். பயண நேரம் இதில் சேராது. அரசியல் சாசனத்தின் 22-வது பிரிவு சொல்வது இது. அதற்குமேல் ஒரு நிமிடம் வைத்திருக்க வேண்டுமானாலும் நடுவரின் உத்தரவு வேண்டும். அப்படியென்றால், கைது செய்வது மட்டும்தான் போலீஸ் கையில் இருக்கிறது. சிறைக்கு அனுப்புவது நடுவரின் பேனா. அந்தப் பேனாவுக்கு "முடியாது" என்று எழுதவும் அதிகாரம் உண்டு. என்னிடம் வரும் குடும்பங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு இது தெரியாது. மேஜிஸ்ட்ரேட்டிடம் கொண்டுபோவது வெறும் வழிமுறை, அடுத்து ஜெயில்தான் என்று நினைத்துக்கொண்டு, போர்வையும் துண்டும் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அந்த அம்மாவும் அப்படித்தான் வந்தார்.

2014 ஜூலை 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அர்னேஷ் குமார் வழக்கில் ஒரு தீர்ப்பு சொன்னது. பீகாரிலிருந்து போன வரதட்சணை வழக்கு அது. ஆனால் சொன்ன விதி எல்லா வழக்குக்கும் பொருந்தும். ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது. கைது ஏன் அவசியம் என்று போலீஸ் எழுத்தில் காரணம் காட்ட வேண்டும். தப்பி ஓடுவாரா, சாட்சியைக் கலைப்பாரா, திரும்பவும் செய்வாரா என்று பார்க்க வேண்டும். அவசியம் இல்லையென்றால் நோட்டீஸ் கொடுத்து விசாரணைக்குக் கூப்பிட வேண்டும். அப்போது அதைக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 41-ஏ நோட்டீஸ் என்போம். இப்போது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35-ஆம் பிரிவில் இருக்கிறது. காரணத்தைப் பார்க்காமல் காவலுக்கு அனுப்பும் நடுவர் மீதும் துறை நடவடிக்கை எடுக்கலாம் என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. எங்கள் பையன் மீது போட்ட 505-க்கு அதிகபட்சம் மூன்று ஆண்டு. நோட்டீஸ் கொடுத்திருந்தால் போதும். வீடு ஸ்டேஷனிலிருந்து முக்கால் கிலோமீட்டர். ஜெராக்ஸ் கடை ஸ்டேஷனுக்கு எதிர் வரிசை.

அன்று அந்த வராந்தாவில் இதை எடுத்துச் சொல்ல ஒரு ஆள் இல்லை. நான் ரயில்வே கேட்டில் நின்றிருந்தேன்.

சொல்ல ஆள் இருந்தால் மாறுமா என்று கேட்பீர்கள். மாறும். 2018 அக்டோபர் 9-ஆம் தேதி காலை, 'நக்கீரன்' கோபாலைச் சென்னை விமான நிலையத்தில் வைத்துப் பிடித்தார்கள். ஆளுநரைப் பற்றிய கட்டுரைகளுக்காக 124-ஆம் பிரிவு. ஆளுநரைத் தாக்கி அவர் கடமையைச் செய்யவிடாமல் தடுப்பவருக்கான பிரிவு அது. ஒரு பத்திரிகைக் கட்டுரை ஆளுநரின் கையை எப்படிப் பிடித்து நிறுத்தும்? எழும்பூர் நீதிமன்றத்தில் அன்று வழக்கறிஞர்கள் வாதாடினார்கள். 'தி இந்து' என். ராம் எழுந்து, பத்திரிகையாளர் என்ற முறையில் தன் கருத்தைச் சொல்ல நடுவர் அனுமதித்தார். இதற்கு இந்தப் பிரிவு பொருந்தாது என்று நடுவர் ரிமாண்டை மறுத்தார். சாயங்காலம் கோபால் வீட்டுக்குப் போனார்.

அவர் பிரபலம், பின்னால் பெரிய கூட்டம் இருந்தது என்பீர்கள். சரி, மதுரைக்குப் பக்கத்தில் வாடிப்பட்டிக்கு வாருங்கள். இடதுசாரிக் கட்சி ஒன்றின் நிர்வாகி, அறுபது வயதைக் கடந்தவர், மகள் மருமகனோடு சிறுமலைக்குச் சுற்றுலா போனார். படங்களை ஃபேஸ்புக்கில் போட்டு, துப்பாக்கிப் பயிற்சிக்காகப் போன பயணம் என்று வேடிக்கையாக ஒரு தலைப்பு வைத்தார். துப்பாக்கி கிடையாது, பயிற்சி கிடையாது. போலீஸ் போட்ட பிரிவுகளில் 122-உம் ஒன்று: அரசுக்கு எதிராகப் போர் தொடுக்க ஆயுதம் திரட்டுவது. ஆயுள் தண்டனை வரை போகும். கைது செய்து வாடிப்பட்டி நடுவர் முன் நிறுத்தினார்கள். அவர் கட்டைப் படித்தார், படங்களைப் பார்த்தார், ரிமாண்ட் செய்ய மறுத்துவிட்டார். 2021 டிசம்பரில் அந்த வழக்கையே ரத்து செய்த உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், சிரிக்கும் உரிமை பற்றித் தன் தீர்ப்பில் விரிவாக எழுதினார். பத்திரிகைகள் அதைத்தான் கொண்டாடின. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு இடம். அந்த நடுவரைப் பாராட்டி, மற்ற நடுவர்களும் இப்படி நடக்க வேண்டும், போலீஸ் கேட்டார்கள் என்பதற்காக மட்டும் ஒருவரை ரிமாண்ட் செய்யக் கூடாது என்று அவர் எழுதிய வரிகள். அந்தப் பக்கத்தை நான் நகலெடுத்து என் கோட்டுப் பையில் வைத்திருக்கிறேன். மடிப்பில் கிழிந்து, இது மூன்றாவது நகல்.

நடுவர்களை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. பகல் முழுக்க விபத்து, திருட்டு, அடிதடி, செக் மோசடி என்று கட்டுக் கட்டாகப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட உட்காரும்போது ஜீப் வந்து நிற்கும். எதிரே போலீஸ் தரப்பு மட்டும்தான் பேசுகிறது. குற்றம் சாட்டப்பட்டவர் தலைகுனிந்து நிற்கிறார். அவருக்காக ஒரு குரல் எழும்பினால்தான் நடுவர் நிமிர்ந்து பார்க்க ஒரு காரணம் கிடைக்கிறது.

அந்தக் குரல் எழும்பிவிடக் கூடாது என்பதற்காகவே வார இறுதியாகப் பார்த்தும் நள்ளிரவாகப் பார்த்தும் கைது நடக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். மதுக்கடைகளை மூடச் சொல்லிப் பாடிய மக்கள் கலை இலக்கியக் கழகப் பாடகர் கோவனை, 2015 அக்டோபர் 30-ஆம் தேதி பொழுது விடியாத நேரத்தில் திருச்சியில் அவர் வீட்டிலிருந்து கொண்டுபோனார்கள். அது வெள்ளிக்கிழமை. பாட்டுக்கு ராஜத்துரோகப் பிரிவு. இரண்டு வாரத்துக்கு மேல் சிறையில் இருந்தார். நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு குடும்பமே தீக்குளித்ததைப் பற்றிக் கார்ட்டூன் போட்ட பாலாவைச் சென்னையில் கைது செய்து நெல்லைக்குக் கொண்டுபோனது 2017 நவம்பர் 5, ஞாயிற்றுக்கிழமை. மறுநாளே அவருக்கு ஜாமீன் கிடைத்தது.

இந்த வாசலையே அடைத்துவிடும் ஒரு வழியும் இருக்கிறது. குண்டாஸ். தமிழ்நாட்டின் 1982-ஆம் ஆண்டின் 14-ஆவது சட்டம். கள்ளச்சாராயக்காரர்களையும் ரவுடிகளையும் அடக்க வந்தது. ஆட்சியரோ மாநகரக் காவல் ஆணையரோ உத்தரவு போட்டால் ஓராண்டு வரை விசாரணையே இல்லாமல் அடைத்து வைக்கலாம். ஜாமீன் மனுவுக்கு இடமில்லை. அறிவுரைக் கழகம் இருக்கிறது, உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். அதற்குள் மாதங்கள் ஓடிவிடும். 2017-இல் ஈழத்தில் இறந்தவர்களுக்காக மெரினாவில் மெழுகுவத்தி ஏற்றப் போன திருமுருகன் காந்தி மீது அது பாய்ந்தது. அதே ஆண்டு சேலத்தில் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராகத் துண்டுப் பிரசுரம் கொடுத்த ஒரு கல்லூரி மாணவி மீதும் பாய்ந்தது. இரண்டையும் அந்தச் செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதுவரை அவர்கள் சிறையில் இருந்த நாட்களை எந்த உத்தரவும் திருப்பிக் கொடுக்கவில்லை.

இங்கே சாத்தான்குளத்தையும் சொல்லியாக வேண்டும். அது அரசியல் பேச்சுக்கான வழக்கு அல்ல. ஊரடங்கு நேரத்தில் செல்போன் கடையை அடைக்கவில்லை என்பதில் தொடங்கியது. 2020 ஜூன் 19-ஆம் தேதி சாயங்காலம் ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் ரிமாண்ட் ஆகி, கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போனார்கள். 22-ஆம் தேதி இரவு மகன் இறந்தார், 23-ஆம் தேதி காலை தகப்பன் இறந்தார். ரத்தம் கசிந்துகொண்டிருந்த இரண்டு பேர் மருத்துவச் சான்றையும் ரிமாண்டையும் தாண்டிச் சிறை வரை எப்படிப் போனார்கள் என்று நாடே கேட்டது. உயர் நீதிமன்றம் அனுப்பிய கோவில்பட்டி நடுவர் அந்த ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்த்தபோது, சிசிடிவி பதிவுகள் அன்றன்று தானாக அழிந்துவிடும்படி வைக்கப்பட்டிருந்தன. அந்த ஆண்டு டிசம்பரில் ஸ்டேஷன்களில் லாக்கப் உட்பட எல்லா இடத்திலும் கேமரா வைத்துப் பதிவுகளைப் பாதுகாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சாத்தான்குளத்துக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் "போலீஸ் அடிச்சாங்களா?" என்ற கேள்வியைச் சில நடுவர்கள் வேறு மாதிரி கேட்கிறார்கள். போலீசாரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, சட்டையைத் தூக்கிக் காட்டச் சொல்கிறார்கள்.

டெல்லியில் நல்ல தீர்ப்புகளுக்குப் பஞ்சமில்லை. கைதின்போது ஊரில் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்ட கைதுக் குறிப்பு இருக்க வேண்டும், உறவினருக்குச் சொல்ல வேண்டும் என்று 1996-இல் டி.கே. பாசு வழக்கிலேயே சொல்லிவிட்டார்கள். இணையத்தில் எழுதியதற்காகக் கைது செய்யப் பயன்பட்ட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவை 2015 மார்ச் 24-ஆம் தேதி ஸ்ரேயா சிங்கால் வழக்கில் ஒட்டுமொத்தமாகச் செல்லாது என்றார்கள். ஆறு ஆண்டு கழித்து, செத்துப்போன அந்தப் பிரிவில் இன்னும் வழக்குப் போடுகிறார்கள் என்று தெரிந்து உச்ச நீதிமன்றமே அதிர்ச்சி தெரிவித்தது. ஸ்டேஷன் ரைட்டரின் மேசைக்கு அந்தத் தீர்ப்பு வந்து சேரவே இல்லை. 2025 மார்ச்சில், ஒரு கவிதைக்காக எம்.பி. இம்ரான் பிரதாப்கடி மீது குஜராத் போலீஸ் போட்ட வழக்கை ரத்து செய்தபோது, பேச்சு, எழுத்து சம்பந்தமான குற்றங்களில் மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை என்றால் முதலில் பூர்வாங்க விசாரணை செய்வதே பொருத்தம் என்றார்கள். அதே ஆண்டு நவம்பரில், கைதுக்கான காரணத்தைக் கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் கொடுக்க வேண்டும், உடனே முடியாவிட்டாலும் ரிமாண்டுக்குக் கொண்டுபோவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது கொடுக்க வேண்டும் என்றார்கள். அந்த இரண்டு மணி நேரத்தைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. 2019-இல் அது இருந்திருந்தால், ரயில்வே கேட்டைத் தாண்டியும் எனக்கு நேரம் மிச்சம் இருந்திருக்கும்.

அதனால் இப்போது பக்கத்து ஊர்களில் யார் கூட்டம் போட்டுக் கூப்பிட்டாலும் போய் இதைத்தான் பேசுகிறேன். சின்ன விசாரணை என்று கூப்பிட்டால் நோட்டீஸ் கேளுங்கள். வந்தவரின் பேரையும் மணியையும் வீட்டில் ஒருவர் குறித்துக்கொள்ளட்டும். சூரியன் மறைந்த பிறகு பெண்களைக் கைது செய்ய நடுவரின் முன் அனுமதியும் பெண் போலீசும் வேண்டும். ஸ்டேஷன் வாசலில் காத்துக் கிடக்காமல், ஒருவராவது நடுவர் வீட்டு வாசலில் போய் நில்லுங்கள். வக்கீலுக்குக் காசு இல்லையென்றால் 15100 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள், சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். நடுவர் கேட்கும்போது ஏட்டைப் பார்க்காதீர்கள், நடுவரைப் பாருங்கள். வக்கீல் வரும்வரை பொறுக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதற்கு உரிமை இருக்கிறது.

பையன் பதினோரு நாள் கிளைச் சிறையில் இருந்தான். திங்கட்கிழமை மனுவுக்கு அரசுத் தரப்பு ஆட்சேபணை, தள்ளுபடி. பிறகு செஷன்ஸ் கோர்ட்டில் ஜாமீன். ரத்த உறவில் ஒருவர், வெளியாள் ஒருவர் என இரண்டு ஜாமீன்தாரர்கள். மறு உத்தரவு வரும்வரை தினமும் காலை 10.30 மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து. அந்த நேரத்தில்தான் ஜெராக்ஸ் கடையில் கூட்டம் அதிகம். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த முதலாளி வேறு ஆள் வைத்துக்கொண்டார். கண்டிஷனைத் தளர்த்த ஒரு மாதம் ஆனது. முதல் தகவல் அறிக்கையை ரத்து செய்து மதுரையில் உத்தரவு வாங்க மூன்று ஆண்டு ஆனது. உத்தரவில் ஒன்றரைப் பக்கம்தான் இருந்தது. அந்த வாட்ஸ்அப் செய்தியில் குற்றம் எதுவும் இல்லை என்று. காவலர் தேர்வு விண்ணப்பத்தில், உங்கள் மீது வழக்கு உள்ளதா என்று ஒரு கட்டம் இருக்கிறது. அந்த மூன்று ஆண்டும் அவன் விண்ணப்பிக்கவே இல்லை. உத்தரவு கையில் கிடைத்தபோது படிப்பதையே விட்டிருந்தான். கண்மாய் இப்போது ஆழமாகிவிட்டது, ஓரத்தில் குளிக்க இறங்க முடியாது. அந்தத் திங்கட்கிழமை தாலுகா ஆபீஸ் முன்னால் யாரும் கூடவில்லை.

போன மாதம் ராத்திரி அவனிடமிருந்து போனில் ஒரு செய்தி வந்தது. அவன் தெருவில் பன்னிரண்டு நாளாகக் குடிதண்ணீர் வரவில்லை, நகராட்சி கவனிக்க வேண்டும் என்று மூன்று வரி. கீழே காலிக் குடங்களின் படம். அதற்குக் கீழே: "அக்கா, இதைக் குரூப்புல போடலாமா? கேஸ் ஆகுமா?"

தாராளமாகப் போடு என்று எழுதினேன். படித்துவிட்டான் என்று இரண்டு நீலக் குறி விழுந்தது. காலையில் எழுந்ததும் ஊர்க் குழுவைத் திறந்து பார்த்தேன். கோயில் கொடை அறிவிப்பு இருந்தது, யாருக்கோ பிறந்த நாள் வாழ்த்து இருந்தது. குடங்களின் படம் இல்லை.